சுறா இடம் மாறிவிட்டதா? நிலாவெளிக் கடலின் ஒரு பழைய கணக்கு

 

சென்ற தவணையில் தரம் 8 பிள்ளைகளிடம், "உங்கள் வீட்டார் கண்ட மீன்களின் பெயரை எழுதுங்கள்" என்று ஒரு வேலை கொடுத்தோம். சூரை, பாரை, சாளை, கும்பிளா என்று பக்கம் நிறைய எழுதினார்கள். சுறா என்று எழுதிய பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கே கண்டீர்கள் என்று கேட்டோம். "புறாமலையில, சேர். சின்னது, செட்டையில கறுப்புப் பொட்டு" என்றார்கள். தன்னைவிடப் பெரிய சுறாவைக் கரையில் கண்ட பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் வாப்பாமார் காலத்தில் கதை வேறு. இரண்டு பேர் தடி கொடுத்துத் தூக்கி வந்த சுறா, வெட்டிப் பங்கு போட்ட சுறா, உப்புப் போட்டுக் காயவைத்த சுறா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நினைவு உண்டு. பிள்ளை பெற்ற வீட்டில் சுறா வறை இல்லாமல் நாற்பது நாள் கழிந்ததில்லை. வள்ளத்தின் பலகை உழுத்துப்போகாமல் இருக்கப் பூசியதும் சுறா எண்ணெய்தான்.

அந்தச் சுறா எங்கே போனது? அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "சுறா இடம் மாறிட்டு தம்பி. ஆழத்துக்குப் போயிட்டு."

இந்த ஒரு வரியைத்தான் இன்று எடுத்துப் பார்க்கப் போகிறோம். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

முதலில் எங்கள் கடலின் அமைப்பு. மேற்குக் கரையில் மன்னார்ப் பக்கம் கடல் வெகுதூரம் ஆழமில்லாமலே போகும். எங்கள் பக்கம் அப்படியல்ல. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கரையைவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடினாலே ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழம் வந்துவிடும். திருகோணமலைத் துறைமுகத்தை வெள்ளைக்காரன் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். திமிங்கிலங்கள் இவ்வளவு கரைக்கு அருகில் வருவதற்கும் இதுதான் காரணம். 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற சிறு பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து படித்தது எங்களில் பலருக்குத் தெரியாது. மற்ற ஊர்களில் நாள்கணக்கில் ஓடித் தேட வேண்டிய ஆழ்கடல் மீன், எங்கள் வள்ளங்களுக்கு ஒரு இரவுத் தொழிலுக்குள் அகப்பட்டது. சுறாவும் அப்படித்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். புறாமலையில் பிள்ளைகள் கண்டது பாறைச் சுறா, அதாவது கருஞ்செட்டைச் சுறா. அது வீட்டுக் கோழியைப் போல. தன் பாரையும் தன் வளவையும் விட்டுப் பெரிதாகப் போகாது. புறாமலை 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். அந்தச் சிறு இடத்தைக் காப்பாற்றினால் அந்தச் சுறாவைக் காப்பாற்றலாம்.

எங்கள் வாப்பாமார் தூக்கி வந்ததில் பெரும்பங்கு அதுவல்ல. அது ஆழ்கடல் சுறா. தோல் பட்டுப் போல வழுவழுக்கும் பட்டுச் சுறா, வால் உடம்பளவு நீண்ட கசைவால் சுறா, நீலச் சுறா, செட்டை நுனி வெளுத்த வெண்செட்டைச் சுறா, அம்பு போலப் பாயும் மாக்கோ. இவற்றுக்கு வளவு கிடையாது. இந்து சமுத்திரம் முழுவதும் அவற்றுக்கு ஒரே முற்றம்.

சுறாவோடு எங்கள் தமிழ்பேசும் கரைகளுக்கு உள்ள உறவு மிகப் பழையது. பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இலங்கைக்கும் எதிர்க்கரைக்கும் இடையில் முத்துக் குளிப்பவர்கள் பெரிய மீன்களின் வாயைக் கட்ட மந்திரக்காரரை அமர்த்தியதையும், எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்ததையும் எழுதினார். ஆறு நூற்றாண்டு கழிந்து, பிரித்தானியர் காலத்திலும் அந்தத் தொழில் நின்றபாடில்லை. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், மன்னார் முத்துக் குளிப்பில் சுறாவைக் கட்டும் மந்திரக்காரர் இல்லாமல் சுழியோடிகள் கடலில் இறங்க மறுத்ததைக் குறிப்பிடுகிறார். அரசாங்கமே அந்த மந்திரக்காரருக்குக் கூலி கொடுத்தது.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போகும் மனிதனுக்கு ஒரு தைரியம் தேவைப்பட்டது. அக்காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட வேண்டியிருந்தது. இன்று யாருடைய வாயைக் கட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் பார்ப்போம். உலகம் முழுவதும் ஓராண்டில் சுறாக் கடியால் மரணிப்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதன் ஓராண்டில் கொல்லும் சுறாக்களோ கோடிக்கணக்கில்.

இனித் தொழிலின் வரலாறு. பாயும் துடுப்புமாக இருந்த காலத்தில் எங்கள் ஊரார் சுறாவை நம்பித் தொழில் செய்ததில்லை. கச்சான் காலத்தில் கரைவலை, வாடைக்கு முன் தூண்டில், வலையில் விழுந்தால் சுறா. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கரையில் வாடி போட்டவர்களும் அப்படித்தான். விழுந்த சுறாவில் எதுவும் வீணாகவில்லை. இறைச்சி கறிக்கும் கருவாட்டுக்கும், ஈரல் எண்ணெய்க்கும், செட்டை காய்ந்ததும் கொழும்பு வியாபாரிக்கும் போனது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் மீனெண்ணெய் வரத்து நின்றபோது, விற்றமின் ஏ சத்துக்காகச் சுறா ஈரல் எண்ணெய்க்கு எங்கள் பக்கக் கடல்களிலும் கிராக்கி ஏறியது. போர் முடிந்து சில வருடத்தில் தொழிற்சாலையிலேயே அந்தச் சத்தைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். கிராக்கி இறங்கியது.

பெரிய மாற்றம் 1950களின் இறுதியில் வந்தது. மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் நாட்டுக்குள் வந்தன. தொடர்ந்து நைலோன் வலை வந்தது. பருத்தி வலையைக் கடித்துக் கிழித்த சுறாவுக்கு நைலோன் வலை மூச்சையே நிறுத்தியது. இது பேச்சுக்குச் சொல்வதல்ல. ஆழ்கடல் சுறாக்களில் பெரும்பாலானவை வாயைத் திறந்து நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்கு நீர் போகும். நீந்துவதை நிறுத்தினால் மூச்சு முட்டும். வலையில் மாட்டி அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் கதை முடிந்தது.

1980களில் பலநாள் படகுகள் வந்தன. ஐஸ் அறையோடு வாரக்கணக்கில் ஓடின. சூரைக்குப் போட்ட செவுள் வலையிலும், நூற்றுக்கணக்கான தூண்டில்களைத் தொங்கவிட்ட நீண்ட கயிற்றிலும் சுறா வந்தது. கிழக்காசியச் சந்தையில் செட்டைச் சூப்புக்கு விலை ஏற ஏற, சுறாவுக்கென்றே தூண்டில் போடும் படகுகளும் உண்டாயின. செட்டையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளும் பழக்கம் உலகக் கடல்களில் பரவியதும் இக்காலத்தில்தான்.

அந்த வருடங்களில் நிலாவெளியில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? உங்களுக்கே தெரியும். 1983க்குப் பிறகு எங்கள் கடல் பாதி நாள் மூடிக் கிடந்தது. பாஸ் இல்லாமல் வள்ளம் தள்ள முடியாது, இரவுத் தொழில் இல்லை, இயந்திர வலுவுக்கும் கட்டுப்பாடு. ஊரே இடம்பெயர்ந்து கிடந்த காலமும் உண்டு. அதன் பிறகு 2004 டிசம்பர் 26. கடல் வந்து எடுத்துக்கொண்டவர்களின் பெயர்களை இங்கே எழுத மாட்டோம். அவை எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

இப்போது ஒரு கேள்வி. இருபத்தைந்து வருடம் எங்கள் கடலில் தொழில் குறைந்து கிடந்ததே, அப்படியானால் 2009க்குப் பிறகு நாங்கள் மறுபடி இறங்கியபோது சுறா பெருகிக் கிடந்திருக்க வேண்டாமா? இல்லையே. ஏன்?

பதில் அந்தச் சுறாவின் பயணத்தில் இருக்கிறது. எங்கள் கரை மூடிக் கிடந்த அதே வருடங்களில்தான் வெளிக்கடலில் நாட்டின் சுறாப் பிடி ஏறிக்கொண்டே போய் 1990களின் இறுதியில் உச்சத்தைத் தொட்டது. பிறகு மளமளவென்று இறங்கியது. தடைமுகாமும் கடற்படை எல்லையும் மனிதனுக்குத்தான். நிலாவெளிக்கு நேரே இன்று நீந்தும் பட்டுச் சுறா அடுத்த மாதம் மாலைதீவுப் பக்கம் போகலாம், நடுச் சமுத்திரத்தில் சூரைக் கூட்டத்தோடு திரியலாம். எங்கள் முற்றத்தில் காப்பாற்றப்பட்டது அடுத்த முற்றத்தில் பிடிபட்டது.

எவ்வளவு தூரம் போகும்? ஓர் உதாரணம். 2003 நவம்பரில் தென்னாபிரிக்கக் கரையில் ஒரு பெண் வெள்ளைச் சுறாவின் முதுகுச் செட்டையில் செய்மதிக் கருவி பொருத்தினார்கள். 'நிக்கோல்' என்று பெயரும் வைத்தார்கள். அது இந்து சமுத்திரத்தை நேரே கடந்து 99 நாளில் ஏறத்தாழ 11,000 கிலோமீற்றர் நீந்தி அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் போய் நின்றது. ஒன்பது மாதத்துக்குள் தென்னாபிரிக்காவில் புறப்பட்ட இடத்திலேயே மறுபடி காணப்பட்டது. போய் வந்த தூரம் 20,000 கிலோமீற்றருக்கும் அதிகம். திசைகாட்டி இல்லை, ஜீபிஎஸ் இல்லை.

எப்படி முடிகிறது? சுறாவுக்கு முள்ளெலும்பு கிடையாது, உடலெல்லாம் குருத்தெலும்பு. பாரம் குறைவு. மற்ற மீனுக்கு இருப்பது போல் காற்றுப்பை இல்லை. அதற்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் அதை மிதக்க வைக்கிறது. எங்கள் வள்ளத்துக்குப் பூசிய எண்ணெய் அதன் மிதவையிலிருந்து எடுத்ததுதான். மூக்கைச் சுற்றிலும் சிறு துளைகள் இருக்கும், அழுத்தினால் பசை வரும். சுறா வெட்டியவர்களுக்குத் தெரியும். 1678இல் லொரென்சினி என்ற இத்தாலியர் அவற்றை விவரித்து எழுதினார். அவை என்ன வேலை செய்கின்றன என்று தெரிய இருபதாம் நூற்றாண்டாயிற்று. மற்ற உயிர்களின் தசையிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சாரத்தை உணரும் உறுப்புகள் அவை. பூமியின் காந்தத்தைப் பிடித்து வழி கண்டுகொள்ளவும் அவை உதவலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். மாக்கோச் சுறா தன் தசையில் உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் இரத்தக் குழாய்ப் பின்னலால் உடம்புக்குள்ளேயே சுற்றவைக்கிறது. அதனால்தான் குளிர்ந்த ஆழத்திலும் அந்த வேகம். கசைவால் சுறாவோ சாளைக் கூட்டத்துக்குள் புகுந்து தன் நீண்ட வாலைச் சவுக்குப் போல் வீசி அடித்து, மயங்கிய மீனைத் திரும்பி வந்து தின்கிறது. பிலிப்பைன்ஸில் அதைப் படம்பிடித்து 2013இல் வெளியிட்டார்கள்.

ஆகவே "சுறா இடம் மாறும்" என்று மூத்தவர்கள் சொல்வது சரி. தினமும் மாறுகிறது. ஆனால் இடம் மாறுகிற மீன் திரும்பி வரவும் வேண்டுமே? மழைக்குப் போன பறவை கோடைக்கு வருகிறது. சுறா ஏன் வரவில்லை?

இங்கேதான் அந்த மற்றப் பாதி. சுறா சாளையைப் போலப் பெருகும் மீன் அல்ல. ஒரு பெண் மஞ்சட்செட்டைச் சூரை ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டை விடும். பட்டுச் சுறா ஏறத்தாழ ஒரு வருடம் வயிற்றில் சுமந்து பத்துக் குட்டி அளவில் போடும். பெருங்கண் கசைவால் சுறா போடுவது பெரும்பாலும் இரண்டே குட்டி. அதுவும் பெண் சுறா பருவத்துக்கு வரப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகும். எங்கள் வகுப்புப் பிள்ளை பிறந்த அன்று பிறந்த கசைவால் சுறா, பிள்ளை தரம் 8க்கு வரும்போதுதான் தாயாகத் தொடங்கும். அதற்குள் அது எத்தனை வலையைத் தாண்ட வேண்டும்? நீலச் சுறா மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, ஒரு தடவையில் பல பத்துக் குட்டிகள் போடும். இன்று ஆழ்கடலில் அதிகம் அகப்படுவதில் அதுவும் ஒன்று என்பதில் ஆச்சரியமில்லை.

2021இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த உலகளாவிய ஆய்வு ஒன்று, 1970க்குப் பிறகு ஆழ்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று கணக்கிட்டது. பத்தில் ஏழு போய்விட்டது. எங்கள் வாப்பாமார் வெண்செட்டைச் சுறாவைச் சாதாரணமாகக் கண்டார்கள். இன்று அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

நேரே சொல்வதானால், சுறா இடம் மாறவில்லை. ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பெரிய குடும்பம் ஒன்று ஊரைவிட்டுப் போனதென்று நினைத்துக்கொண்டிருந்தோம். பார்த்தால் அந்தக் குடும்பத்தில் ஓரிருவர்தான் மிச்சம்.

இதற்கு எங்கள் தொழிலாளர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. இந்து சமுத்திரத்தில் தொழில் செய்யும் பெரிய வெளிநாட்டுக் கப்பல்கள், சூரையைக் கூட்டிச் சேர்க்க வலைத் தொங்கலோடு மிதவைகளைக் கடலில் விட்டன. அந்தத் தொங்கலில் சிக்கி மட்டும் இந்து சமுத்திரத்தில் ஓராண்டில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்து இலட்சம் பட்டுச் சுறாக்கள் சாகலாம் என்று 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தச் சுறாக்களை யாரும் தின்னவுமில்லை, விற்கவுமில்லை.

ஆனால் எங்கள் பங்கும் இல்லாமல் இல்லை. இலங்கைப் பலநாள் படகுகள் சுறாவைத் தேடிச் சாகோஸ் தீவுப் பக்கம் போய்ப் பிடிபட்ட செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்து, 2015 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. ஆழ்கடல் படகுகளைச் சட்டப்படி கண்காணிக்கவில்லை என்பது முக்கிய குற்றச்சாட்டு. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. அந்த ஒன்றரை வருடம் மீன் விலை விழுந்து யார் வயிறு காய்ந்தது என்பது கொட்பே துறைமுகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். செட்டையில் இலாபம் கண்டவன் வேறு, தடையில் பட்டினி கிடந்தவன் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை எங்கள் இளைஞர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறோம்.

2001 முதல், செட்டையை உடலிலிருந்து வெட்டித் தனியாகக் கரைக்குக் கொண்டுவருவது இலங்கையில் தடை. 2012 முதல் கசைவால் சுறா மூன்று வகையையும் பிடிக்கத் தடை. 2015 ஒழுங்குவிதிகளின்படி வெண்செட்டைச் சுறாவும் திமிங்கிலச் சுறாவும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. தவறி வலையில் வந்தால் உயிரோடு விட வேண்டும். பட்டுச் சுறாவுக்கும் மாக்கோவுக்கும் நீலச் சுறாவுக்கும் இங்கே முழுத் தடை இல்லை. ஆனால் அவற்றை நாடு விட்டு நாடு விற்பதற்கு, அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் அனுமதி வேண்டும். பட்டுச் சுறா 2016லும், மாக்கோ 2019லும், நீலச் சுறா உள்ள குடும்பம் 2022லும் அந்தப் பட்டியலுக்கு வந்தன.

அந்த 2019 மாநாடு மே மாதம் எங்கள் கொழும்பில் நடக்க இருந்தது. ஏப்ரல் 21இல் நடந்த கொடுமைக்குப் பிறகு அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஓகஸ்டில் நடந்தது. உலகமே கொழும்பில் கூடிச் சுறாவைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய அந்த மாதத்தில், நாங்கள் ஒருவரையொருவர் முகம் பார்க்கத் தயங்கிக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி இங்கே கூடுதலாக எழுத விரும்பவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் இழந்தவற்றில் அப்படிப்பட்ட வாய்ப்புகளும் உண்டு என்பதைக் குறித்துவைக்கிறோம்.

மாலைதீவு 2010இல் சுறா பிடிப்பதையே முற்றாக நிறுத்தியது. அங்கே சுழியோடிப் பார்க்க வரும் பயணிகளால் உயிரோடுள்ள சுறா செத்த சுறாவைவிடப் பலமடங்கு சம்பாதிக்கிறது. அப்படியே இங்கேயும் செய்யலாம் என்று சொல்வது இலகு. அங்கே சூரையைத் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் தொழில் ஏற்கனவே ஊன்றியிருந்தது, சுறாவை நம்பி வாழ்ந்தவர்கள் குறைவு. இங்கே கடனில் படகு வாங்கி, டீசல் கடன், ஐஸ் கடன், சம்மாட்டி கடன் என்று போகிறவனிடம் "வந்த சுறாவை விட்டுவிடு" என்றால், அவன் வீட்டு அடுப்பை யார் எரிப்பது என்ற கேள்வியையும் நாங்கள்தான் சுமக்க வேண்டும். அதைச் சுமக்காமல் மேடையில் பேசுவது சரியல்ல.

எங்களால் முடிந்தது என்ன? முடியாததை எழுதிப் பயனில்லை. மூன்று காரியங்கள் முடியும்.

ஒன்று, கொட்பேயிலிருந்து போகும் எங்கள் தம்பிமார், நீண்ட வாலுள்ளதும் செட்டை நுனி வெளுத்ததும் உயிரோடு வந்தால் கயிற்றை வெட்டி விடுங்கள். அவற்றைக் கரைக்குக் கொண்டுவந்தால் சட்டப் பிரச்சினை, விட்டால் நட்டம் ஒரு தூண்டில்தான். கரைவலையில் புள்ளிகளோடு திமிங்கிலச் சுறா வந்தால் வலையின் மடியைத் திறந்து வெளியே தள்ளிவிடுங்கள். அது கடிக்கிற மீன் அல்ல, மிதக்கும் சிறு உயிர்களை வடித்துக் குடிக்கும் மீன்.

இரண்டு, புறாமலைக்குப் பயணிகளைக் கூட்டிப் போகும் சகோதரர்கள், பாறையில் மிதிக்க விடாதீர்கள், சுறாக் குட்டியைத் துரத்தவும் தீனி போடவும் விடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் உயிரோடு கண்ட ஒரே சுறா அதுதான். அதையும் இழந்தால் அடுத்த வகுப்புக்குச் சுறா என்பது வெறும் படம்தான்.

மூன்றாவது உங்கள் எல்லோருக்கும். உங்கள் மூத்தாப்பாவிடம், வாப்பாவிடம், பக்கத்து வீட்டு அப்பு, அம்மாச்சியிடம் கேளுங்கள். எந்தச் சுறாவுக்கு என்ன பெயர்? எந்த மாதத்தில், எந்தக் காற்றில் வந்தது? எவ்வளவு பெரிது? கடைசியாக எப்போது கண்டார்கள்? கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஆய்வாளரின் கணக்கு இறங்குதுறைகளில் பதிந்த காலத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய கணக்கு எங்கள் மூத்தவர்களின் தலைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் அதில் ஒரு பக்கம் மண்ணுக்குள் போகிறது. தரம் 8 பிள்ளைகள் அவற்றை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை பதினொரு சுறாப் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் நான்கு எங்களுக்கே புதிது.

அன்று முத்துக் குளிப்பவர்கள் சுறாவின் வாயைக் கட்ட இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள். இன்று கட்ட வேண்டியது எங்கள் ஆசையின் வாயை. கடல் எங்களுக்கு வாரிசுரிமையாக வந்ததல்ல, அமானிதமாக வந்தது. வாங்கியதைப் போலவே ஒப்படைக்க முடியாமல் போனாலும், ஒப்படைக்க ஏதாவது மிச்சம் வைக்க வேண்டாமா?

அடுத்த தவணையில் அதே கேள்வியை மறுபடி கேட்போம்.